தேய்ந்த விரல்களுக்கு எண்ணெய்

முகத்துக்கு என்ன பூசலாம் என்று யோசிக்கிற வயதில் என்னிடம் கண்ணாடி கிடையாது. அறுபதை நெருங்கும் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் ஒரு பியூட்டி பார்லரைக் கூட்டித் துடைப்பது என் பகல் வேலை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறேன். பார்லரின் பின்புற அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னதால் இந்த ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். என் கணக்கில் அது அதிகம்.

பார்லரை நடத்துகிறவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சௌராஷ்டிரக் குடும்பம். தன் அம்மாவுடன் போனில் பேசும்போது எனக்கு ஒரு சொல்லும் புரியாது. திட்டு வாங்குகிறாள் என்பது மட்டும் முகத்தைப் பார்த்தால் புரியும். என்னை அக்கா என்பாள். நான் அவளைப் பாப்பா என்பேன்.

கல்லூரிகள் இருக்கிற இடமாயிற்றே, சின்னப் பிள்ளைகள்தான் வருவார்கள் என்று நினைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்கள் புருவத்தைத் திருத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள். பகலில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரிகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், மகள் கல்யாணத்தில் மேடை ஏற வேண்டியவர்கள். கன்னத்தில் மங்கு, கழுத்துக் கறுப்பு, குதிகால் வெடிப்பு இதையெல்லாம் சத்தமாகவே சொல்வார்கள். தாடையில் முளைக்கிற ஒன்றிரண்டு முடியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

"அது எல்லாருக்கும் வர்றதுதாம்மா. இந்தா, ஒரு இழு, போயிருச்சு," என்று அவள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே சொல்வாள்.

அவள் சொல்கிற யோசனைகள் அதிகமில்லை. கொதிக்கிற வெந்நீரில் குளிக்காதீர்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், ஈரம் முழுசாகக் காய்வதற்குள் எண்ணெயோ கிரீமோ தடவுங்கள். வெயிலில் குடை பிடியுங்கள். யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் வெள்ளையாக்குகிற டியூப் வாங்கித் தடவாதீர்கள். முதல் மாதம் பளபளக்கும், பிறகு தோல் எரியும். மங்கு போகவே இல்லையென்றால் தோல் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

ஒருநாள் ஒரு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "நார் வச்சு நல்லாத் தேய்க்காட்டி எனக்குக் குளிச்ச மாதிரியே இருக்காது பாப்பா."

"குளிச்ச மாதிரி இருக்கணுமா, தோலு இருக்கணுமா?"

"ரெண்டும் வேணும்."

"இந்த வயசுல ரெண்டும் தர மாட்டாகம்மா."

நான் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே சிரித்தேன். இதெல்லாம் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கான பேச்சு, எனக்கில்லை என்று நினைத்திருந்தேன். ரேஷன் கடையில்தான் அந்த நினைப்பு போனது.

என் ரேஷன் கார்டில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. அதற்கு முன்னால் அப்பா கார்டில் இருந்தேன், பிறகு புருஷன் கார்டில், பிறகு எந்தக் கார்டிலும் இல்லை. பல வருடம் வெளியில்தான் அரிசி வாங்கித் தின்றேன். ஒத்தக்கடைக்கு வந்த பிறகுதான் அலைந்து திரிந்து தனியாக ஒரு கார்டு வாங்கினேன். அந்த அலைச்சலை இங்கே எழுதவில்லை. கார்டு கைக்கு வந்த அன்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன் என்பதை மட்டும் சொல்லலாம்.

அதுவரை கார்டைக் காட்டினாலே அரிசி கிடைத்தது. போன வருடம் எல்லாரும் கைரேகையைப் பதிய வேண்டும் என்றார்கள். மாதக் கடைசிக்குள் பதியாவிட்டால் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். நாலு பேர் இருக்கிற கார்டில் ஒரு பெயர் போனால் மூன்று பெயர் மிஞ்சும். என் கார்டில் என்ன மிஞ்சும்?

கட்டைவிரலை வைத்தேன். மிஷின் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தேன். எடுக்கவில்லை.

"தலையில தேச்சு வைங்கக்கா," என்றார் கடைக்காரர். எண்ணெய்ப் பசை ஒட்டட்டும் என்று எல்லாரையும் அப்படித்தான் சொல்வார். தேய்த்து வைத்தேன். பின்னால் நின்றவள் மூக்கு மேல் தேய்க்கச் சொன்னாள். அதையும் செய்தேன். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது.

"ரேகைய எங்கத்தா அடகு வச்ச?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கடைக்காரர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "தேஞ்சு போச்சுக்கா. கொத்தனாருகளுக்கு இப்படித்தான் ஆகும். கொஞ்ச நாளு வேலைக்குப் போகாம இருந்தா திரும்ப வந்துரும். பழைய ரேகையேதான் வரும், மாறாது. கண்ணைப் பாக்குற மிஷினு நம்ம கடைக்கு இன்னும் வரல. மாசக் கடைசிக்குள்ள ஒருக்கா வந்து பாருங்க."

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று என் விரல்களைப் பார்த்தேன். ஆறாவதோடு என் படிப்பு நின்றது. ஆனால் எங்கே போனாலும் கையெழுத்துத்தான் போடுவேன். மை டப்பாவை நீட்டினால் எனக்குக் கோபம் வரும். கைநாட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே பழைய பேப்பரில் என் பெயரை எழுதிப் பழகியவள் நான். இப்போது வாத்தியார் வேலை பார்த்தவர்கள்கூட வரிசையில் நின்று விரலை வைக்கிறார்கள். எனக்கு வைக்க விரல் இல்லை.

அந்த ரேகை ஒரே இடத்தில் போனதில்லை. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் கிளம்பினேன். ஒருமுறை கிளம்பிவிட்டால் அடுத்த தடவை கிளம்புவது எளிது. பரவை மார்க்கெட்டில் வெங்காயம் பிரித்தேன். விரல் நுனி எப்போதும் பிசுபிசுவென்று உரியும். சாயப் பட்டறையில் நூல் அலசினேன். கட்டட வேலையில் சிமெண்டுக் கலவை தூக்கினேன். இரவில் சோற்றில் கை வைத்தால் எரியும். வாடிப்பட்டிப் பக்கம் தென்னை நார்க் கயிறு திரித்தேன். அதுதான் நல்ல வேலை, சத்தம் கிடையாது, தென்னை நிழல் உண்டு. ஆனால் தோலை அதிகம் தின்றதும் அதுதான். ஆதாருக்கு விரல் பதிந்தது அந்த வேலைக்குப் போவதற்கு முன்னால். அப்போது முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.

பார்லருக்குத் திரும்பி அவளிடம் சொன்னேன். அவள் என்னை வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்கிற பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து என் விரல் மேல் வைத்தாள்.

"எதை வச்சுக்கா பாத்திரம் தேய்க்கிறீங்க?"

"பவுடரு. இரும்பு நாரு."

"வெறுங்கையிலயா?"

"பின்ன, காலாலயா தேய்ப்பாக?"

டை அடிக்கும்போது போடுகிற கிளவுஸ் இரண்டு ஜோடி கொடுத்தாள். அது மெல்லியது, கிழிந்துவிடும், ரப்பரில் கெட்டியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். கை கழுவியதும் ஒற்றித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். படுக்கும்போது கொஞ்சம் தாராளமாகத் தடவிப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அவள் எல்லாருக்கும் சொல்கிறதேதான். காசு கொடுத்து உட்காருகிறவர்களுக்கும் ரேகை போன எனக்கும் ஒரே மருந்து என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மெஸ்ஸில் கிளவுஸோடு போய் நின்றதும் முதலாளி பரோட்டா மாஸ்டரைக் கூப்பிட்டார். "மாப்ள, வந்து பாரு. அக்கா ஆபரேஷன் பண்ணப் போறாக."

"யாருக்குண்ணே?"

"நம்ம சால்னா சட்டிக்குத்தான்."

முதல் நாள் தட்டு வழுக்கியது. பிறகு பழகிவிட்டது.

கொஞ்ச நாளில் விரல் நுனியில் இருந்த சொரசொரப்பு குறைந்தது. துணி மடிக்கும்போது நூல் மாட்டவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கோடுகள் தெரிகிற மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் நானும் பாப்பாவும் சேர்ந்து அந்தக் காரியத்தைச் செய்தோம்.

ஒரு கல்யாண வீட்டுக்கு அலங்காரம் செய்யப் போய்வந்த அவளிடம் மருதாணிக் கோன் மீந்திருந்தது. "கையி நல்லாருக்குக்கா இப்ப. டிசைன் போடவா?"

"கொடியெல்லாம் வேணாம். தொப்பி போட்டுவிடு."

எங்கள் காலத்து மருதாணி அதுதான். உள்ளங்கையில் ஒரு வட்டம், ஒவ்வொரு விரல் நுனிக்கும் ஒரு தொப்பி. என் கல்யாணத்துக்கு வைத்தது, பிறகு வைக்கவில்லை. பத்து விரலையும் விரித்துக்கொண்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மூக்கு அரித்தது. அவள் சொரிந்துவிட்டாள். காய்ந்து உதிர்ந்ததும் நல்ல அடர்ந்த சிவப்பு. அந்தக் கையை வைத்துக்கொண்டு பஸ் கம்பியைப் பிடிக்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் யாராவது பார்க்க மாட்டார்களா என்றும் இருந்தது.

அதே கையோடுதான் ரேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் விரல்களையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னக்கா, வீட்ல விசேஷமா?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

"மருதாணி வச்சா மிஷினு எடுக்காதுக்கா. அதுவும் நுனியில போயி வச்சிருக்கீங்களே."

வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. அன்று வரிசையில் யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அறைக்கு வந்ததும் பின்புறக் குழாயடியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பவுடரைக் கொட்டி, இரும்பு நாரை எடுத்தேன். வலது கட்டைவிரலில் இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். பாப்பா வந்து நாரைப் பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தாள்.

"சிவப்பு போயிரும். கூடவே இம்புட்டு நாளு வளத்த தோலும் போயிரும். என்னக்கா செய்றீங்க?"

"மாசக் கடைசி வருது பாப்பா. காருடு போயிருச்சுன்னா?"

"தோலு தானா உதிரும்போது சாயமும் உதிரும். சும்மா விடுங்க. சும்மா விடுறது ஒங்களுக்கு அம்புட்டுக் கஷ்டமா?"

கஷ்டம்தான். எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. ஒரு இடம் வலித்தால் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவேன். இந்தத் தோலை விட்டு எங்கே போவது?

அந்த வாரம்தான் வாடிப்பட்டியிலிருந்து போன் வந்தது. பழைய கயிற்றுப் பட்டறையில் ஆள் குறைகிறது, வருகிறாயா என்று கூட வேலை பார்த்தவள் கேட்டாள். அந்தத் தென்னை நிழல் கண்ணுக்குள் வந்தது. வழக்கமாக இப்படி ஒரு போன் வந்தால் பையில் துணியை வைத்துவிடுவேன். "எப்ப வார?" என்றாள் அவள். என் விரல் நுனிகளைப் பார்த்தேன். சிவப்பு மங்கிக் காவியாகியிருந்தது.

"இப்ப வரல. கையி சரியில்ல," என்றேன்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. வளந்துக்கிட்டு இருக்கு."

அவள் ஒன்றும் புரியாமல் போனை வைத்தாள்.

அந்த நாட்களில் நான் யோசித்ததைச் சொல்கிறேன். தோலுக்கு எதையாவது செய்வதைவிட, செய்கிறதை நிறுத்துவதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. வெந்நீரை, நாரை, பவுடரை, வெயிலை நிறுத்த முடிந்தவர்கள் நிறுத்தலாம். எல்லாராலும் முடியாது. சித்தாள் வேலைக்குப் போகிறவளிடம் வெயிலில் நிற்காதே என்றால் அவள் என்ன செய்வாள்? அவளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கிளவுஸும் தலையில் கட்டுகிற துண்டும் கொஞ்சம் எண்ணெயும்தான். அழகுக்கு என்று சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடுவோம், நானும் விட்டிருப்பேன். ரேஷன் அரிசிக்கு என்றதால் தடவினேன். தடவிய பிறகுதான், ராத்திரி ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துவிடுவது எவ்வளவு சுகம் என்று தெரிந்தது.

மாதக் கடைசியில் போனேன். நுனிச் சிவப்பு ஏறக்குறைய போய்விட்டது. நகத்தில் ஏறியது மட்டும் அப்படியே இருந்தது. கட்டைவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. நான் நார் வைத்து இழுத்த விரல் அது. ஆள்காட்டி விரலும் எடுக்கவில்லை.

"எடது கையக் குடுங்க," என்றார் கடைக்காரர். "மோதிர வெரலு. அமுக்காம வைங்க. சும்மா வைங்க."

சும்மா வைத்தேன். அவர் திரையைப் பார்த்தபடி என் பெயரை உரக்கப் படித்தார், அப்பா பெயரோடு சேர்த்து. இத்தனை பேருக்கு நடுவில் என் பெயரை ஒருவர் அப்படி முழுசாகப் படித்து வெகு காலம் ஆகியிருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பதிஞ்சிருச்சுக்கா. நகருங்க, அடுத்து யாரு?"

அரிசிப் பையோடு பார்லருக்கு வந்தேன். அவள் யாருக்கோ தலையில் டை அடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வெரலுக்கா எடுத்துச்சு?"

"எடது மோதிர வெரலு."

"மோதிரம் போட்ட வெரலா?"

"போட்டுக் கழட்டின வெரலு."

நாற்காலியில் இருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். அவள் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதிஞ்சிருச்சுன்னு எண்ணெய விட்றாதீங்க. அடுத்த மாசமும் வெரல வச்சாத்தான் அரிசி."

"அடுத்த மாசமும் இங்கதான இருப்பேன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் அலமாரியிலிருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தாள். நான் அரிசிப் பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இந்தத் தடவை ஸ்டூலைத் தேடாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.