உரக்கச் சொன்ன எடை

அந்தச் சந்தில் அவளை எடைக்காரக்கா என்பார்கள். மாதம் ஒருமுறை பொதுக்குழாய்க்கு மேலே போகும் இரும்புக் கம்பியில் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளைகளைத் துணித்தொட்டிலில் உட்காரவைத்து நிறுப்பாள். பத்தொன்பது வருட அங்கன்வாடி வேலை. எண்ணை உரக்கச் சொன்னால்தான் அவளுக்குப் பதிவேட்டில் கை பிசகாது. அவளை உத்தமி என்று சொல்லிவிட முடியாது. வாய் கொஞ்சம் நீளம். எடை குறைந்தால், "பிள்ளைக்கு ஊட்டுறத நீயே தின்னுடுறியா?" என்பாள். வரிசையே சிரிக்கும்.

தொழிற்சாலையில் மெஷினில் சட்டைக்கை தைக்கும் பெண்ணின் மகளுக்கு ஒன்றரை வயது. அடிக்கடி வயிற்றுப்போக்கு, கைகால்கள் குச்சி. ஆனால் எட்டு கிலோவுக்குக் குறைந்தால்தான் சத்துமாவு. மூன்று மாதமாகக் குழந்தை எட்டைத் தாண்டியே நின்றது.

"எட்டு கிலோ நூறு!" என்று அக்கா கூவி முடிக்கவில்லை, குழந்தை தொட்டிலுக்கு வெளியே வாந்தி எடுத்தது. வெறும் தண்ணீர். முள் ஏழு எண்ணூறுக்கு இறங்கியது.

"என்னது இது?"

தாய் தலைகுனிந்தாள். "நிறுக்க வர்றப்பல்லாம் ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்க வெச்சேங்க்கா. கொறஞ்சா நீங்க கத்துவீங்க. மாமியார் வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்க, 'உனக்கு மெஷின்தானே புள்ள'ன்னு."

"எந்தத் தண்ணி?"

"இந்தக் குழாய்தான். காய்ச்ச எங்க நேரம்?"

அக்கா குனிந்து பார்த்தாள். குழாயின் அடிப்பகுதி சாக்கடைக்குள் நின்றது. இத்தனை வருடமும் அவள் கண் முள்ளின் மேல்தான் இருந்தது.

முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு எழுதினாள். எட்டு என்று விழுந்துவிட்டது. அடித்து, ஏழு எண்ணூறு என்று திருத்தினாள்.

"எவ்வளவுக்கா?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"உன் புள்ள வரட்டும், உன்கிட்டச் சொல்றேன்."

சத்துமாவுப் பொட்டலத்தைத் தாயின் கையில் வைத்தாள். "இத இந்தத் தண்ணியில கரைக்காத. வேலைக்குப் போறப்ப எங்க வீட்டுக்கு வா, தண்ணி காய்ச்சி வெக்கிறேன். மாமியார் கேட்டா மருந்துன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களேக்கா!"

"ரெண்டு டம்ளர் பொய்ய என் தராசுலயே தொங்கவிட்டவ பேசுறா பாரு!"

தாய்க்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

குழாயை மாற்றச் சொல்லி அக்கா மூன்று மனு கொடுத்தாள். குழாய் அங்கேயேதான் நிற்கிறது. வெந்நீர்ப் பாட்டில் மட்டும் தினமும் அந்தச் சந்தின் குறுக்கே போனது. அதிலிருந்து நான்காம் மாதம் குழந்தை எட்டைத் தாண்டியது. அன்றும் அக்கா எண்ணைக் கூவவில்லை. தாயைப் பக்கத்தில் இழுத்து முள்ளைக் காட்டினாள்.