இலை வண்டிக்கு மூச்சு வந்த மத்தியானம்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னு எங்கண்ணன் சொன்னப்ப வந்த கோபம் இன்னும் முழுசா ஆறலைங்க. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலாவது பரவால்ல. இலை போட வந்த அத்தனை பேரும் நிக்கறப்ப, எடை போடற எடத்துல, பல்லைக் காட்டிக்கிட்டே சொன்னாரு.

குன்னூருக்குக் கீழ பள்ளத்துல சின்னச் சின்னத் தேயிலைத் தோட்டம் வெச்சிருக்கறவங்ககிட்டப் பச்சை இலையை வாங்கி, மேல மேட்டுல இருக்கற ஃபேக்டரியில கொண்டு போய்ச் சேர்க்கறது என் தொழில். எங்க வீட்டுக்காரருக்கு வெலிங்டன்ல ஆபீஸ் வேலை. மலை ரோட்டுல வளைவைப் பாத்தாலே அவருக்குக் கிறுகிறுன்னு வரும். அதனால பிக்கப்பும் என்னுது, ஸ்டியரிங்கும் என்னுது.

பறிச்ச இலை சாக்குக்குள்ள சும்மா கெடக்காதுங்க. நேரம் ஆக ஆக உள்ளயே சூடேறிச் செவந்து போயிரும். செவந்த இலையை ஃபேக்டரியில எறக்க விடமாட்டாங்க. இந்த வருசம் வெயில் ஏற ஆரம்பிச்சதும் எனக்கு அந்தக் கண்டம் வந்துச்சு. காலை நடையில வண்டி ஜோராப் போகும். மத்தியான நடையில பாதி ஏத்தத்துலயே முக்க ஆரம்பிச்சுரும். மிதிச்சா கறுப்புப் புகைதான் வருது, இழுவை வரல. ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்து போறப்ப பின்னாடி டூரிஸ்ட் காருங்க ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சிருவாங்க. மேல போனா இலை பாக்கறவர் சாக்குக்குள்ள கையை விட்டுட்டு, "அக்கா, இது வெந்துல்ல வந்திருக்குது"ன்னு மூஞ்சியைச் சுளிப்பாரு. ரெண்டு மூணு தடவை திருப்பியும் விட்டுட்டாரு.

தோட்டக்காரங்க எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாங்க? பறிச்சதெல்லாம் வீணாப் போகுதுன்னு அவங்க வயிறு எரியாதா? அப்பத்தான் எங்கண்ணன் வாயைத் தொறந்தாரு. மக பிரசவத்துக்கு நான் கோயமுத்தூர் போயிருந்த பனிக்காலத்துல அவருதான் என் வண்டியை ஓட்டிக்கிட்டிருந்தாரு.

"நான் ஓட்டுனப்ப இதே வண்டி பறந்துச்சுங்க. அம்மிணிக்கு ஏத்தத்துல கியர் போடத் தெரியல, அவ்வளவுதான். சாவியைக் குடுத்துட்டு ஊட்டைப் பாக்கச் சொல்லுங்க."

எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. திங்கக்கிழமையில இருந்து அண்ணன் ஓட்டுனாத்தான் இலை தருவோம்னு முடிவாச் சொல்லிட்டாங்க. நான் ஊட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் டமார் டமார்னு போட்டுக் கழுவுனேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

மெக்கானிக்குங்ககிட்டயும் காட்டிப் பாத்தாச்சு. தண்ணிச் சூடு காட்டற முள்ளு நடுவுலதான் நிக்குது, எஞ்சின்ல கோளாறு இல்லைன்னாரு ஒருத்தர். டர்போவே போச்சு, மாத்தணும்னாரு இன்னொருத்தர். டர்போ போயிருந்தாக் காலையில மட்டும் எப்படிங்க இழுக்கும்? கை அதே கை, கியர் அதே கியர், பாரமும் அதே பாரம். காலைக்கும் மத்தியானத்துக்கும் மாறுனது காத்தோட சூடு ஒண்ணுதானே!

அந்த நூலைப் புடிச்சுக்கிட்டேன். டர்போ என்ன பண்ணுது? காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்குது. சைக்கிளுக்குக் காத்தடிக்கறப்ப பம்போட அடி சுடுதில்லையா, அது மாதிரி அமுக்குன காத்து கொதிக்கும். கொதிக்கற காத்து லேசாப் போயிரும், டீசல் முழுசா எரியாது, புகையாத்தான் வரும். அதுக்காகத்தான் நடுவுல இன்டர்கூலர்னு ஒண்ணு வெச்சிருக்கான். என் வண்டியில அது எஞ்சின் மேலயே படுத்திருக்கும். பானட்டுல மூக்கு மாதிரி ஒரு ஓட்டை இருக்குது பாருங்க, அது வழியா வர்ற வெளிக்காத்து அது மேல பட்டு உள்ள இருக்கற காத்தை ஆத்தும்.

ஏத்தம் ஏறி நிறுத்துன சூட்டோட பானட்டைத் தூக்கி, துணியைச் சுத்திக்கிட்டு ரெண்டு பைப்பையும் தொட்டேன். கூலருக்குள்ள போற பைப்பும் சுட்டுச்சு, வெளிய வர்ற பைப்பும் அதே மாதிரி சுட்டுச்சு. அடுத்தது டீக்கடைப் பக்கம் போனேன். இத்தலார்ல இருந்து கேரட் ஏத்திக்கிட்டு வர்றவர் ஒருத்தர் அங்க நிறுத்துவாரு. அவருதும் இதே மாடல் வண்டி.

"ஏனுங்க, கொஞ்சம் பானட்டைத் தூக்குங்க."

"எதுக்குங்க?"

"பைப்பைத் தொட்டுப் பாக்கோணும்."

கடையே சிரிச்சுது. சிரிச்சுட்டுப் போகட்டும்னு தொட்டேன். அவரு வண்டியில வெளிய வர்ற பைப்பு கை தாங்கற சூடுதான் இருந்துச்சு. ஆக, என் கூலர் காத்தை ஆத்தவே இல்ல!

அங்கயே என் வண்டி மூக்குக்குள்ள விரலை விட்டேன். ஒரு கணு கூட உள்ள போகல, என்னமோ மெத்து மெத்துன்னு தடுக்குது. பானட்டோட அடிப்பக்கத்துல நகத்தை விட்டு நெம்பி இழுத்தேன். வந்துச்சுங்க, கறுப்பு ரெக்சின் சுத்துன ஸ்பாஞ்சு, தலகாணி கணக்கா! அளவெடுத்து வெட்டி அத்தனை நேர்த்தியா ஒட்டியிருந்ததுல, தினம் ஆயில் பாக்கற நானும் சரி, மெக்கானிக்கும் சரி, அதைக் கம்பெனி வெச்சதுன்னே நெனச்சுட்டோம்.

யாரு வேலைன்னு கேக்கவே வேண்டாம். உறைபனி விழுகற மாசங்கள்ல எங்க பக்கம் வண்டிக்கெல்லாம் சாக்கைக் கட்டி மூடி வெக்கறது வழக்கம். நமக்கு ஸ்வெட்டர் மாதிரி அதுக்கு அது. பனி போனதும் எடுத்துருவாங்க. எங்கண்ணன் கெட்டிக்காரரு இல்லீங்களா, வெளிய சாக்குக் கட்டுனா அசிங்கமா இருக்கும்னு உள்ளயே வெச்சுத் தெச்ச மாதிரி ஒட்டிட்டாரு. அப்பறம் மறந்தும் போயிட்டாரு. பனியில வெளிக்காத்தே சில்லுன்னு இருந்ததால அவரு ஓட்டுனப்ப இழுவை கொறையல, வெயில் ஏறவும் என் தலையில விடிஞ்சுது. ரேடியேட்டர் முன்னாடி தனியாக் காத்து வாங்கிக்கிட்டதால முள்ளும் காட்டிக் குடுக்கல.

அந்த ஸ்பாஞ்சைக் கொண்டு போய் அண்ணன் மடியில போட்டேன்.

"பனிக்கு எஞ்சின் வெறைச்சுருமேன்னு நாந்தான் அம்மிணி..." அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மூஞ்சியில ஈயாடல.

நான் அதோட விடல. கூலரைக் கழட்டி, தகடு தகடா இருக்கற சந்துல அடைச்சிருந்த தேயிலைத் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவிக் காய வெச்சேன். மூக்குல நுழையற காத்து பக்கவாட்டுல நழுவிப் போகாம கூலருக்குள்ளயே எறங்கறதுக்குச் சுத்தி ரப்பர் பட்டையும் வெச்சுக் கட்டுனேன். இனிப் பாத்துரலாம்னு சனிக்கிழமை உச்சி வெயில்ல முழுப் பாரம் ஏத்துனேன்.

"ஏறி உக்காருங்கண்ணா."

"நான் எதுக்கு அம்மிணி?"

"கியர் போடச் சொல்லித் தர்றதுக்கு!"

ஏறி உக்காந்தாரு. வண்டி வழக்கமா முக்கற வளைவு வந்துச்சு. மிதிச்சேன். அடேயப்பா! செகண்ட் கியர்லயே திமுதிமுன்னு எழும்புச்சு. கண்ணாடியில பாத்தா பின்னாடி புகையே இல்ல. அடுத்த வளைவு தாண்டி தேர்டு போட்டேன், அதுக்கும் இழுத்துச்சு. வாய் விட்டுக் கத்துனேன், சிரிச்சேன், ஸ்டியரிங்கைத் தட்டுனேன். வழக்கமா ஹாரன் அடிக்கற டூரிஸ்ட் காருங்களுக்குப் பின்னாடி வழி கேட்டு இப்ப நான் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போறேன்!

ஃபேக்டரியில சாக்குக்குள்ள கையை விட்டவர் ஒரு நிமிசம் என்னைப் பாத்தாரு. "சில்லுன்னு இருக்குதேக்கா, இப்பத்தான் பறிச்சீங்களா?"ன்னாரு. சாக்கையெல்லாம் எங்கண்ணனே முதுகுல போட்டு எறக்குனாரு. வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லல.

எறக்கத்துல வர்றப்ப என் ஃபோன் அடிச்சுது. ஓட்டிக்கிட்டிருந்ததால அண்ணனை எடுக்கச் சொன்னேன். எடை போடற எடத்துல இருந்து தோட்டக்காரங்க. திங்கக்கிழமையில இருந்து நீங்கதானே வர்றீங்கன்னு அவரையே கேட்டாங்க.

"இல்லீங்க, அம்மிணியே வருவா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. தப்புப் பண்ணுனது நானு."

எனக்கு அழுதுருவேனோன்னு இருந்துச்சு. அதுக்காக விட்டுற முடியுங்களா?

"அங்க எல்லாரும் நிப்பாங்கண்ணா. ஸ்பீக்கர்ல போடச் சொல்லிட்டு இன்னொருக்காச் சொல்லுங்க"ன்னேன்.

சொன்னாருங்க.