ஒத்திகைத் தலைவலி

என் தலைவலியைப் பார்த்துக் கைதட்டிய ஒரே ஆள் என் தம்பி. மண்டை பிளக்கிற நேரத்தில் "வந்துட்டு, வந்துட்டு!" என்று குதித்தான். கையில் அகப்பட்ட பூக்கூடையை அவன் மேல் எறிந்தேன். குறி தப்பிவிட்டது, அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஒற்றைத் தலைவலி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இருந்தது. பிச்சிப்பூ வாசம், ஓமப் புகை, வெறும் வயிறு, மேளச் சத்தம், இதெல்லாம் ஒன்று சேர்ந்தால் இடது நெற்றிப்பொட்டில் தொடங்கிவிடும். தவறாமல் ஒன்று சேருகிற இடம் கல்யாண வீடுதானே. ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணன் கல்யாணம் நடந்தபோது நான் மண்டபத்துச் சாமான் அறையில், வாழைத்தார்களுக்கு நடுவில், கண்ணில் ஈரத்துணியோடு கிடந்தேன். தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் கூடப்பிறந்தவள் போட வேண்டும். எனக்குக் கெட்டிமேளம் சுவர் வழியாகத்தான் கேட்டது. முடிச்சைப் பெரியம்மா மகள் போட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். இருந்தது, நிறையவே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் தம்பிக்குப் பெண் நிச்சயமாயிற்று. இந்த முடிச்சையாவது நான்தான் போடுவேன் என்று பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். வலி வராமலே தடுக்க, தினமும் சாப்பிடச் சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். ரத்தக் கொதிப்புக்குக் கொடுப்பதாம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

"கல்யாணத்தன்னைக்கு வலி வராம நிக்குமான்னு எப்படித் தெரியும், டாக்டர்?"

"கல்யாணத்தன்னைக்குத் தெரிஞ்சிரும்மா."

நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பதிலுக்காக அவரை நான் மன்னிக்கவில்லை.

தம்பி அப்போது மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பில் இருந்தான். வெளிநாட்டில் நெஞ்சுவலி மருந்து ஒன்றைக் கொடுத்து, வேண்டுமென்றே தலைவலியை வரவழைத்து, தடுப்பு மாத்திரை தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கிறார்களாம். நூலகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னான்.

"தலவலி வர மருந்து எதுக்குலே? நீ பேசுனாலே வருமே" என்றேன்.

"அந்த மருந்தையெல்லாம் வீட்டுல தொடக்கூடாதுக்கா. ஒனக்குத்தான் கல்யாண வீடு இருக்கே. அதையே இங்கன வச்சுப் பாப்போம். மாத்திர தொடங்குறதுக்கு முந்தி ஒருதடவ, பொறவு ஒருதடவ."

அப்படித்தான் எங்கள் வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் இல்லாத கல்யாணம் நடந்தது. காலையில் எனக்குக் காப்பிகூடக் கிடையாது. தலைகொள்ளாமல் பிச்சிப்பூ. செங்கல் அடுக்கி, வரட்டியும் நெய்யும் போட்டுப் புகை கிளப்பினான். டேப் ரெக்கார்டரில் நாதஸ்வரம் அலறியது. எதிர்வீட்டு அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, "எங்ககிட்டச் சொல்லாமலா கல்யாணம் வைக்கிய?" என்று அம்மாவிடம் சண்டைக்கு நின்றாள். மதியத்துக்குள் வலி வந்தது. பூக்கூடை பறந்தது அப்போதுதான்.

மாத்திரையைத் தொடங்கினேன். வாரங்கள் கழித்து அதே புகை, அதே பூ, அதே நாதஸ்வரம். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதியம் வந்தது, சாயங்காலம் வந்தது, வலி வரவில்லை. எனக்கு ஆடத் தோன்றியது. தம்பி முகம் மட்டும் தெளியவில்லை. மாத்திரை தடுத்ததா, தைரியம் தடுத்ததா என்று சொல்ல முடியாதாம், இன்னும் சில தடவை பார்த்தால்தான் கணக்காம்.

"ஏலே, கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவச்சிராத" என்று அம்மா செங்கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கல்யாணத்தன்று பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். முகத்தில் புகை, காதுக்குப் பக்கத்தில் நிஜக் கெட்டிமேளம். வலி எட்டிப் பார்க்கவில்லை, தலை கல்லுப் போல உறுதியாக இருந்தது. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கயிற்றைக் கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது. எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருந்தோம், முடிச்சைத் தவிர. கண்ணில் தண்ணீர். எப்படியோ இழுத்து, சுற்றி, இன்னும் இழுத்துப் போட்டேன்.

"மதினி, பைய... முடி மாட்டியிருக்கு" என்று பெண் முனகினாள். நான் விடவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சில மாதம் கழித்துத் தாலியைப் பிரித்துக் கோக்க உட்கார்ந்தபோது என் முடிச்சு அவிழவில்லை. கத்திரி வைக்கக் கூடாது. ஹேர்பின்னும் ஊசியுமாகப் பெண்கள் மாறி மாறிக் குனிந்தார்கள்.

"எக்கா, ரெண்டு முடிச்சு போடச் சொன்னா என்னத்தப் போட்டு வச்சிருக்க?" என்றான் தம்பி.

"அண்ணன் கல்யாணத்துல போடாததையும் சேத்துப் போட்டுட்டம்லே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, என் இடது பொட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.