மோர் குடித்த வண்டி

இன்றைக்குக் காலையில் கார் பேட்டரியின் முனையில் பூத்திருந்த பச்சை உப்பு மேல் வெந்நீரை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்து ஒரு புளித்த வாடை வந்தது பாருங்க, பழைய நத்தம் ரோடு அப்படியே மூக்குக்குள் ஏறிவிட்டது.

பேகம்பூரில் கேட்டுப் பாருங்க. அஞ்சாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் எந்த வண்டியும் என்னை நடுரோட்டில் கைவிட்டதில்லை. வாடகைக்கு ஓட்டி, சொந்தமாக வாங்கி, வீடும் கட்டினவன். இப்போது வாசலில் நிற்பது கியர் போடத் தேவையில்லாத புது மாதிரி கார்.

அதுதான் இன்றைக்குக் கிளம்பவில்லை. நத்தத்திலிருந்து விடியலிலேயே போன். என் சம்சாரம் பாக்கியத்தின் அண்ணனுக்கு மூச்சு இழுக்கிறதாம், தங்கச்சியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அவள் முகம்கூடக் கழுவாமல் வந்து பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பொத்தானை அமுக்கினால் டிக் டிக்கென்று சத்தம், அவ்வளவுதான். வெந்நீருக்கும் அசையவில்லை.

அன்றைக்கும் இதே மாதிரிதான். அவள் அம்மாவுக்குக் கடைசி நேரம். சித்திரை வெயில். என் பழைய பெட்ரோல் கார் நத்தம் ரோட்டில் ஒரு புளியந்தோப்புப் பக்கம் நின்றுவிட்டது. சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் இஞ்சினுக்கு ஏறாது. ஈரத்துணி சுற்றினால் சரியாகும். தண்ணீர் பொட்டு கிடையாது.

"தூக்குல மோருதாங்க இருக்கு. அம்மாவுக்குக் கொண்டு போறது."

"குடு இங்க. உங்கம்மா குடிக்கணும்னா, முதல்ல வண்டி குடிக்கட்டும்."

துண்டை மோரில் நனைத்துப் பம்பில் சுற்றினேன். செத்த நேரம் ரெண்டு பேரும் நிழலில் நின்றோம். வண்டி பிடித்துக்கொண்டது. நத்தம் போய்ச் சேர்ந்ததும், அடியில் மிச்சமிருந்த மோரை அவள் அம்மா வாயில் ஊற்றினாள். அந்தம்மா விழுங்கினதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தத் தெம்பில்தான் இன்றைக்குத் தெருவையே கூப்பிட்டேன், தள்ளிவிடச் சொல்லி. தோல் மண்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் வந்து கைவைத்தார்கள். பொட்டுக்கூட நகரவில்லை. பேட்டரி செத்தால் இந்த வண்டியில் சக்கரமும் பூட்டிக்கொள்ளுமாம். நகர்ந்தாலும் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதாம்!

"அண்ணே, காரைத் தள்ளுறமா, உங்க வீட்டுச் செவுத்தைத் தள்ளுறமா?" என்றான் ஒருத்தன்.

வேறு வண்டியிலிருந்து கரண்டு கொடுக்கிற வயர் டிக்கியில் கிடந்தது. டிக்கியைத் திறக்கவும் கரண்டு வேணும்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தியது. "அக்கா ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்."

பாக்கியம் இறங்கி ஏறிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

வெயில் ஏறினபிறகு பாக்கியத்திடமிருந்து போன் வந்தது.

"தெருமுனையில வாரப்பவே அழுகை கேட்டுச்சுங்க. முடிஞ்சிருச்சு." அப்புறம், "வண்டி எடுத்துருச்சா?" என்றாள்.

திறந்து கிடந்த பானட்டை இறக்கி மூடினேன். அப்போதெல்லாம் வண்டி நின்றால் ரெண்டு பேருமாகத்தான் ரோட்டில் நிற்போம். போனாலும் போகாவிட்டாலும் சேர்ந்துதான். அவள் தனியாகப் போய் அண்ணன் வாசலில் நிற்கிறாள். நான் இங்கே நிற்கிறேன்.