ஹேண்டிகேமில் கிடந்த கேசட்

ஜெயபுஷ்பம் சிஸ்டருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவர். மாத்திரையை முழுங்கிட்டேன் என்று நோயாளி சொன்னால், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வார். பால்காரனை வாசலில் நிற்க வைத்து, பாலைக் காய்ச்சிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். அப்படிப்பட்ட பொம்பளை.

அவருக்கு இருந்த ஒரே கவலை மகள் ரெனிட்டா. இருபத்தெட்டு வயசு. வலது காதுக்குக் கீழே, கழுத்தில், ஒரு ரூபாய் காசு அளவுக்கு வெண்புள்ளி. தொற்றாது, ஒன்றும் செய்யாது என்று நர்சுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அதைப் பார்த்துவிட்டே மூன்று வரன் போய்விட்டது. நான்காவதுதான் மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஜோவின்.

2005இல் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவதாக ஏற்பாடு. பாகாயத்தில் எலியாஸ் நடத்திய ப்ரௌசிங் சென்டரை சிஸ்டர் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அங்கே இருந்த வெப்கேமில் யார் உட்கார்ந்தாலும் மூஞ்சி களிமண் மாதிரிதான் தெரியும். புள்ளியாவது கிள்ளியாவது!

போனால், வெப்கேம் ரிப்பேர். கல்யாண வீடியோ எடுக்கும் தன் பழைய ஹேண்டிகேமை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி வைத்திருந்தான் எலியாஸ்.

“இதுல சூப்பரா தெரியும் சிஸ்டர். கம்மல் கல்லைக்கூட எண்ணலாம்.”

சிஸ்டர் எலியாஸை மேலும் கீழும் பார்த்தார். இவன் வேணும்னே செய்றானா? யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? மகளின் முடியை வலது பக்கம் இழுத்து முன்னால் விட்டு, துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு உட்கார வைத்தார்.

திரையில் ஜோவினும் அவன் அம்மா விஜயகுமாரியும் வந்தார்கள். நலம் விசாரித்தார்கள். “கொஞ்சம் அப்படித் திரும்பும்மா” என்றார் விஜயகுமாரி. அந்த நேரம் பார்த்து ஹேண்டிகேம் அணைந்துவிட்டது. எலியாஸ் மறுபடி போட்டான். கொஞ்ச நேரம் பேசி, “முடியைப் பின்னால போடேம்மா” என்றார். மறுபடி அணைந்தது.

“ஏங்க, நாங்க கேட்டா மட்டும் ஆஃப் பண்றீங்களா?” ஸ்பீக்கரில் விஜயகுமாரியின் குரல்.

சுருக்கென்றது சிஸ்டருக்கு. தன்னையே ஒருத்தி சந்தேகப்படுவதா? கோபமெல்லாம் எலியாஸ் மேல் திரும்பியது.

“உள்ள கேசட் சுத்துதா? என் பொண்ணைப் படம் புடிச்சி யாருக்குக் காட்டப் போற? எடு வெளிய.”

“ரெக்கார்டே போடல சிஸ்டர்.”

“எடுன்னு சொல்றேன்ல.”

எடுத்தான். ஹேண்டிகேமை மறுபடி போட்டான். அப்புறம் அது அணையவே இல்லை. பதிவு பண்ணாமல் கேசட் சும்மா உள்ளே கிடந்தால் அஞ்சு நிமிஷத்தில் அது தானாக அணைந்துவிடுமாம். எலியாஸுக்கே அப்போதுதான் புரிந்தது. தப்பிக்க இருந்த ஒரே வழியையும் சிஸ்டர் தன் வாயாலேயே அடைத்துக்கொண்டார்.

விஜயகுமாரி மூன்றாம் தடவை கேட்டார். ரெனிட்டா துப்பட்டாவை எடுத்தாள். முடியைப் பின்னால் தள்ளி, கழுத்தைக் கேமராவுக்குக் காட்டினாள். சிஸ்டர் எட்டிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“அட, இவ்ளோதானா? ஜோவின் சொன்னப்ப நான் பெருசா இருக்குமோன்னு பயந்துட்டேன்” என்றார் விஜயகுமாரி.

“ஜோவினுக்கு எப்படித் தெரியும்?” சிஸ்டர் திரைக்குப் பக்கத்தில் போனார்.

“ரெனிட்டாவே போன மாசம் மெயில்ல போட்டோ அனுப்பினாங்க ஆன்ட்டி” என்றான் ஜோவின்.

சிஸ்டர் மகள் பக்கம் திரும்பினார். “என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“இதைப் பார்த்துட்டும் ஒருத்தர் என்னை வேணும்னு சொல்றார்னு சொன்னா, நீ நம்பியிருப்பியாம்மா?”

நம்பியிருக்கமாட்டார். தன் மகளை ஒருத்தன் விரும்புவான் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தான் நம்பியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அழுகை வந்தது. மஸ்கட்டில் இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.