சிவப்புப் பொட்டு வைத்த ஸ்குரூ

வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் லப்டொப் திருத்துகிற ஜாபிருக்கு மனிதர் சொல்வதில் நம்பிக்கை கிடையாது. "தண்ணி படயில்ல" என்று யாராவது சொன்னால் முதல் வேலையாகக் கீபோர்டை முகர்ந்து பார்ப்பார். பிளேன்டீயா, கோப்பியா என்று வாசத்திலேயே சொல்லிவிடுவார். பாதி வேளை சரியாகவும் இருக்கும்.

இந்த வியாதி சும்மா வரவில்லை. கொட்டாஞ்சேனையில் முதல் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு ஆள் வந்து, "என்ட லப்டொப்பிட ராம் மெமரியைக் கழட்டி வித்துப்போட்டாய்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார். ஜாபிர் அந்த லப்டொப்பைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. அன்று தொட்டு, தன் கையால் மூடுகிற ஒவ்வொரு லப்டொப்பிலும் அடி மூடி ஸ்குரூ ஒன்றின் தலையில் நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூடெக்ஸால் பொட்டு வைக்கிறார். வேறு யாராவது திறந்தால் பொட்டு உடைந்துவிடும். "வேறே கை பட்டீக்கி, என்ட பொறுப்பில்ல" என்று கையைக் கழுவிவிடலாம். முதல் குப்பியை வாங்கப் போன அன்று ஃபேன்ஸி கடைப் பெண் பார்த்த பார்வைதான் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

புதன்கிழமை காலை சுபோதினி வந்தாள். கிருலப்பனையில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பனிக்கு வேலை செய்கிறவள். லப்டொப்பும் கம்பனியுடையதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஜாபிர்தான் அதற்குக் கீபோர்ட் மாற்றிக் கொடுத்திருந்தார். அப்போதிருந்தே அவரை அண்ணன் முறையில் "நானா" என்றுதான் கூப்பிடுவாள்.

"நேற்றுப் பின்னேரம் சார்ஜ் போட்டனான் நானா, டக்கெண்டு செத்துப்போச்சு. நான் ஏதோ ஊத்திப்போட்டன் எண்டு ஒஃபிஸில சொல்லுகினம். ஏன் பழுதானது எண்டு கடையிலயிருந்து கடிதம் கேக்கினம். என்ர பிழையெண்டா வேலை போயிடும்."

"தண்ணி கிண்ணி?"

"ஒரு சொட்டும் படேல்லை."

ஜாபிர் முகர்ந்தார். வாசமே இல்லை. துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அடியைத் திருப்பினார், பொட்டு முழுசாக இருந்தது. வேறு கை படவில்லை, அப்படியென்றால் இவள் கைதான்.

"பின்னேரம் வாங்க. தண்ணி பட்டீந்தா தண்ணியெண்டுதான் எழுதுவேன்."

"நான் இஞ்சயே இருக்கிறன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் இவர் மேல் நம்பிக்கை இல்லை.

சார்ஜரைக் குத்தியதும் அதன் சின்ன விளக்கு அணைந்தது. கழற்றிக் கொஞ்சம் கழித்து மறுபடி எரிந்தது. உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது, ஷோர்ட். திறந்து மெயின் லைனில் மீட்டரை வைத்தார், அது "பீ" என்று நீளமாகக் கத்தியது. லென்ஸை வைத்துப் போர்டைத் துழாவினார். துரு இல்லை, கறை இல்லை. நன்றாகத் துடைத்திருக்கிறாள் என்றே மனம் சொன்னது. போர்டுக்குள் விரல் விட்டு யாராலும் துடைக்க முடியாது என்பது அவருக்கே தெரியும், ஆனாலும் விடவில்லை.

எந்தப் பாகம் செத்தது என்று தேடுவதற்காகப் போர்டை முழுசாக வெளியே எடுத்து மீட்டரை வைத்தார். மீட்டர் பேசவில்லை. மூன்று தரம் வைத்தும் பேசவில்லை. பெட்டிக்குள் இருந்தால் ஷோர்ட், வெளியே வந்தால் இல்லை. கோளாறு போர்டில் இல்லை, போர்டுக்கு அடியில் இருக்கிறது.

பெட்டியைச் சாய்த்தார். அரிசியளவு கறுப்பு ஸ்குரூ ஒன்று மேசையில் உருண்டது.

ஜாபிருக்கு அது எந்த ஸ்குரூ என்று தெரிந்துவிட்டது, இரண்டு மாதமாக உள்ளே உருண்டு திரிந்து நேற்றுத்தான் போர்டுக்கு அடியில் சிக்கியிருக்கிறது. கீபோர்ட் மாற்றிய அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. மூடும்போது ஒரு ஸ்குரூ குறைந்தது. பக்கத்து மேசையில் திருத்துகிற ரிஸ்கான்தான் எடுத்திருப்பான் என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லி, டப்பாவில் கிடந்த வேறொன்றைப் போட்டு, மூடிப் பொட்டும் வைத்துவிட்டு ஓடினார். அன்றிலிருந்து ரிஸ்கானோடு பேச்சுவார்த்தை இல்லை.

சுபோதினி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்குரூவைக் கண்டது ஜாபிர் ஒருவர்தான். அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு "ஈரம் பட்டது" என்று இரண்டு சொல் எழுதினால் விஷயம் முடிந்தது. பேனாவையும் எடுத்துவிட்டார். ஆனால் காலையில் கண்ட முழுப் பொட்டு கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தப் பெட்டிக்குள் போன ஒரே கை அவருடையது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

முன்பு திருத்தியபோது உள்ளே விடுபட்ட ஸ்குரூதான் காரணம், பிழை திருத்தியவருடையது என்று எழுதி, கடை முத்திரையும் குத்தி நீட்டினார்.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். "எனக்காகப் பொய் எழுதித் தாறீங்களோ நானா? பிறகு பிடிபட்டா நான்தான் மாட்டுவன்."

ஸ்குரூவை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "பொய்யில்ல தங்கச்சி. நான்தான் உள்ளுக்கு விட்ட."

சுபோதினி ஸ்குரூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எனக்கு முன்னால மூடுங்கோ. நான் எண்ணுறன்."

இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. ஜாபிர் ஒவ்வொன்றாகப் பூட்டினார். உள்ளே ஐந்து, அடியில் பத்து. அவள் மாடி முழுக்கக் கேட்க எண்ணினாள். பக்கத்து மேசையில் ரிஸ்கான் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். சார்ஜரைக் குத்தினார். விளக்கு அணையவில்லை, திரையும் வந்தது.

பழக்கதோஷத்தில் ஜாபிரின் கை கியூடெக்ஸ் குப்பிக்குப் போனது. சுபோதினி அதை அவர் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திறந்து, அடியில் இருந்த பத்து ஸ்குரூவுக்கும் தானே பொட்டு வைத்தாள்.