மணல்மேட்டில் அக்கா

அக்காவின் கையில் இருந்த கல்லைப் பார்த்ததும் அவள் முழங்கையைப் பிடித்தேன். ஒகேனக்கல்லுக்கு மேலே, காவேரிக் கரையோரச் சரணாலயத்துக்கு, வனத்துறையிடம் அனுமதி வாங்கி இந்தக் கோடையில் அவளை அழைத்துப் போயிருந்தேன். உடன் வந்த காவலர் மணல்மேட்டைக் காட்டி, "அந்தப் பக்கம் போவாதீங்கக்கா, முதலை முட்டை வெச்சிருக்குது" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் குனிந்து கல்லை எடுத்துவிட்டாள்.

அவள் கணவர், எங்கள் மாமா, பரிசல் ஓட்டியவர். ஓர் ஆடி மாதம் தண்ணீர் திடீரென்று பெருகியபோது, அக்கரையில் மாட்டிக்கொண்ட ஆடு மேய்ப்பவர்களை ஏற்றிவரப் போனார். பாதிப் பேரைக் கரைசேர்த்துவிட்டு மறுபடி போனவர் திரும்பவேயில்லை. பரிசல் மட்டும் பாறையிடுக்கில் கிடைத்தது. வெள்ளம் அடித்துப் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். முதலை இழுத்துவிட்டது என்றார்கள் வேறு சிலர். வெள்ளம் வடிந்ததும், மணலில் புதைந்திருக்கலாம் என்று யாரோ சொல்ல, அக்கா கரை நெடுகக் கையாலேயே தோண்டினாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. அவள் பிறந்த ஊரான கடத்தூரிலிருந்து போன நாங்கள்தான் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். தாலியைக் கழற்றச் சொல்லி வந்த சொந்தக்காரர்களிடம், "ஆளைக் காட்டுங்க, கழட்டறேன்" என்றாள். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் ஆற்றுப் பக்கமே போகவில்லை. இத்தனை வருடம் கழித்து, தலை நரைத்த பிறகு, "ஒரு தடவை கூட்டிட்டுப் போ கண்ணு" என்று கேட்டவளிடம் என்னால் மறுக்க முடியவில்லை.

"அக்கா, அதைக் கீழ போட்டுரு" என்று கெஞ்சினேன். காவலர் கோபப்படவில்லை. அவளுக்கும் மேட்டுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டு மெல்லச் சொன்னார்: "பொரிக்கற நேரத்துல குஞ்சுங்க உள்ளயிருந்தே சத்தம் குடுக்குங்க. தாய் அதைக் கேட்டு வந்து, மண்ணைத் தோண்டி வெளிய எடுத்துரும்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

"மண்ணுக்குள்ள இருந்து கூப்பிட்டா, மேல கேக்குமாங்க?"

"கேக்கும்க்கா."

கல் அவள் கையிலிருந்து நழுவியது. முட்டை இருந்த மேட்டை விட்டு விலகி, கரையோரமாக நடந்தாள். ஒன்றுமேயில்லாத வெறும் மணலில் மண்டியிட்டு, காதைத் தரையோடு வைத்துப் படுத்துவிட்டாள். வெயிலில் மணல் கொதித்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"கொஞ்சம் சும்மா இரு கண்ணு" என்றாள், கண்ணைத் திறக்காமல். "நீ பேசுனா எனக்குக் கேக்காது."